நாட்காட்டியோடு கிழிந்துபோன கடவுச்சொல்

எங்கள் மரண உதவிச் சங்கத்தின் கடவுச்சொல் சுவர் நாட்காட்டியின் நவம்பர் மாதத் தாளில் எழுதியிருந்தது. பௌர்ணமிக் கட்டத்துக்குப் பக்கத்தில், நீலப் பேனாவால், சற்றுப் பெரிய எழுத்தில். டிசம்பர் முதலாம் திகதி காலை பொறுப்பானவர் யாரோ பழைய தாளைக் கிழித்துவிட்டார். அன்றைக்கென்று பார்த்து மேற்பிரிவில் ஒரு மரணம். பெட்டிக்கும் பந்தலுக்கும் முற்பணம் கொடுக்க வேண்டும். அந்த வீட்டின் சந்தா எதுவரை கட்டியிருக்கிறது என்று பார்க்கக் கணினியைத் திறந்தால் உள்ளே போக முடியவில்லை. ஆளுக்கொன்றாக நினைவிலிருந்து தட்டிப் பார்த்தார்கள். ஐந்தாவது தவறுக்குப் பிறகு செயலி பதினைந்து நிமிடத்துக்குத் தன்னைப் பூட்டிக்கொண்டது. அந்தப் பூட்டைச் செய்து வைத்தவன் நான். கடைசியில் குப்பைக்குழியில் தாள் கிடைத்தது. தேயிலைச் சக்கை ஒட்டியிருந்தாலும் எழுத்து அழியவில்லை.

சங்கம் இலங்கையின் மலையகத்தில், தலவாக்கலைக்கு மேலே சில தேயிலைத் தோட்டப் பிரிவுகளுக்கு உரியது. மாதச் சந்தா, மரணம் நடந்த வீட்டுக்கு உதவித்தொகை, அவ்வளவுதான் வேலை. குறிப்பேடுகள் ஈரத்தில் பூஞ்சை பிடித்ததால் ஒரு சிறிய இணையச் செயலி எழுதிக் கொடுத்தேன். அதைப் பயன்படுத்துபவர்கள் பதினான்கு பேர். எல்லோரும் பிரிவுப் பிரதிநிதிகள், எல்லோரையும் எனக்குத் தெரியும். பதினான்கு பேருக்கும் ஒரே கடவுச்சொல். நாட்காட்டிச் சம்பவத்துக்குப் பிறகு பொருளாளர் அக்கா கேட்டார்: "எங்கள் எல்லோரையும் உங்களுக்குத் தெரியும்தானே தம்பி? தெரிந்தவர்களிடம் எதற்குக் கடவுச்சொல் கேட்கிறீர்கள்?"

அன்றைக்குச் சிரித்து மழுப்பிவிட்டேன். வீட்டுக்கு வந்து யோசித்தபோதுதான் கேள்வியின் எடை தெரிந்தது. காலையில் ஆட்கள் கூடி வேலைக்குப் பேர் கொடுக்கும் பிரட்டுக்களத்தில் கணக்கப்பிள்ளை யாரிடமும் இரகசியச் சொல் கேட்பதில்லை. முகத்தைப் பார்க்கிறார், செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டில் பேர் போடுகிறார். பிந்தி வந்தால் என்ன, அரைப்பேர் (அரைநாள் சம்பளம்) யாருக்கு என்பதெல்லாம் பிறகு வரும் சண்டை; ஆள் யார் என்பதில் சண்டையே வருவதில்லை. ஏனென்றால் அவர் அந்த முகத்தைப் பல வருடமாகப் பார்த்தவர், நேரில் நிற்கிறார், சந்தேகம் வந்தால் பக்கத்தில் நிற்பவரிடம் கேட்பார். இந்த மூன்றுமே இணையத்தில், செயலி ஓடும் கணினியான சர்வருக்கு இல்லை. அதற்கு முகம் தெரியாது, எதிரே ஆள் நிற்பதில்லை, கேட்பதற்குப் பக்கத்தில் யாரும் இல்லை. கம்பி வழியாக வரும் எழுத்துகளை மட்டும் வைத்துக்கொண்டு ஆளைத் தீர்மானிக்க வேண்டும். கடவுச்சொல் அந்த எழுத்துகளில் ஒரு வகை. அதை எடுத்துவிட்டால் அந்த இடத்தில் வேறு ஏதோ ஒன்றை வைத்துத்தான் ஆக வேண்டும். எதை வைப்பது, வைத்ததைப் பிறகு எப்படித் திரும்பப் பெறுவது என்பதுதான் விஷயம். பலர் முதற்பாதியோடு நின்றுவிடுகிறார்கள். நானும் அப்படித்தான் நின்றேன்.

கடவுச்சொல் கணினிக்குள் நுழைந்த கதை இரகசியத்தில் தொடங்கவில்லை. 1960களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் பெர்னாண்டோ கோர்பாட்டோவின் குழு, ஒரே கணினியைப் பலர் பகிர்ந்துகொள்ளும் சி.டி.எஸ்.எஸ். என்ற அமைப்பை உருவாக்கியது. ஒவ்வொருவருக்கும் தனிக் கோப்புகள், தனி நேர ஒதுக்கீடு. யாருடையது எது என்று பிரித்து வைக்கக் கடவுச்சொல் வந்தது. 1962இல் ஆலன் ஷெர் என்ற ஆய்வு மாணவர், தனக்கு ஒதுக்கிய நேரம் போதாமல், கடவுச்சொற்கள் இருந்த கோப்பையே அச்சிட வைத்து மற்றவர்களின் கணக்கில் வேலை பார்த்தார். 1966இல் அதே அமைப்பில் ஒரு குழறுபடி: நுழைந்தவர்களுக்கெல்லாம் வரவேற்புச் செய்திக்குப் பதிலாகக் கடவுச்சொற் பட்டியலே தட்டச்சு முனையத்தில் அச்சானது. எங்கள் நவம்பர்த் தாளுக்கு அறுபது வருட வம்சம் இருக்கிறது.

ஆளுக்கொரு கடவுச்சொல் வைத்தால் தீர்ந்துவிடுமே என்று தோன்றும். அதையும் செய்தேன். பக்கத்தில் உட்கார்ந்து வைத்துக் கொடுக்கும்போது, பாதிக்கு மேற்பட்டவர்கள் தட்டியது தேசிய அடையாள அட்டை இலக்கத்தை. பழைய அட்டையில் ஒன்பது இலக்கங்களும் இறுதியில் ஓர் ஆங்கில எழுத்தும் இருக்கும். 2016 தொடக்கம் வழங்கப்படுவது பன்னிரண்டு இலக்கம். புதிய இலக்கத்தில் முதல் நான்கு பிறந்த ஆண்டு. அடுத்த மூன்று, அந்த ஆண்டின் எத்தனையாவது நாளில் பிறந்தார் என்பது. பெண்ணாக இருந்தால் அதோடு 500 கூட்டியிருக்கும். பிறந்தநாள் தெரிந்தவருக்குப் பன்னிரண்டில் ஏழு இலக்கங்கள் அப்போதே கையில். மீதி ஐந்துக்கும் அலைய வேண்டியதில்லை, சங்கத்தின் அங்கத்துவப் படிவத்திலேயே எழுதியிருக்கிறது. ஆனாலும் அவர்களைக் குறை சொல்ல மனம் வரவில்லை. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரான எங்கள் மக்களை நாடற்றவர்களாக்கிய பிறகு, 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வரை நீண்ட ஓர் இழுபறி உண்டு. அந்த அட்டைக்காக அலைந்த தலைமுறைக்கு அதன் இலக்கம் மனப்பாடமாக இருப்பதில் வியப்பில்லை. நீங்கள் யார் என்று யாராவது கேட்டால் வாயில் வருவது அதுதான்.

இனிக் கடவுச்சொல் இல்லாத வழிகள். எனக்கு முதலில் தோன்றியது இடத்தை நம்புவது. சங்க அறையின் இணைய இணைப்பிலிருந்து வந்தால் கேள்வி கேட்காமல் உள்ளே விடு, வேறெங்கிருந்து வந்தாலும் நிறுத்து. கொழும்பில் சொந்தமாக நிலையான ஐபி முகவரி (இணைய இணைப்பை அடையாளம் காட்டும் எண்) வைத்திருக்கும் அலுவலகத்துக்கு இது பொருந்தலாம். எங்கள் அறையில் இருப்பது ஜன்னலோரம் ஆணியில் மாட்டிய 4ஜி ரவுட்டர். பழைய வகை ஐபி முகவரிகள் உலகம் முழுவதும் தட்டுப்பாடாகிவிட்டதால், மொபைல் நிறுவனங்கள் பெரும் எண்ணிக்கையான சந்தாதாரர்களை ஒரே வெளி முகவரிக்குப் பின்னால் நிறுத்துவது வழக்கம். இந்த ஏற்பாட்டுக்கென்றே 2012இல் 100.64 என்று தொடங்கும் ஒரு முகவரித் தொகுதியை ஒதுக்கி வைத்தார்கள். அப்படியானால் சங்கத்தின் முகவரி என்று நான் நம்பி எழுதிவைக்கும் எண், அதே நேரத்தில் எங்கேயோ பஸ்ஸில் போகும் முன்பின் தெரியாத ஒருவருடைய முகவரியாகவும் இருக்கும். நாளைக்கு அது மாறும். அப்போது அந்நியர் உள்ளே, எங்கள் ஆட்கள் வெளியே.

இதில் இன்னொரு பள்ளமும் உண்டு. செயலிக்கு முன்னால் இடைநிலைச் சர்வர் ஒன்று நின்றால், வந்தவரின் உண்மையான முகவரியை அது ஒரு தலைப்பு வரியில் எழுதிச் செயலிக்கு அனுப்பும். அந்த வரியை இடைநிலைச் சர்வர்தான் எழுத வேண்டும் என்று கட்டாயம் எதுவும் இல்லை. வெளியிலிருந்து வருபவரே எழுதி அனுப்பலாம். கடித உறையில் அனுப்புநர் பெயரை அனுப்புகிறவரே எழுதுகிறார் அல்லவா, அதே சங்கதி. வெளியிலிருந்து வரும் அந்த வரியைத் துடைத்துவிட்டுத் தன் கையால் எழுதும்படி இடைநிலைச் சர்வரை அமைக்காதவர்கள் முகவரியை நம்பவே கூடாது.

இரண்டாவது வழி, இரகசிய இணைப்பு. சர்வர் எழுந்தமானமாக ஒரு நீண்ட எண்ணை உருவாக்கி, அதை இணைய முகவரியின் வாலில் ஒட்டி, உரியவருக்கு அனுப்பும். அவர் தொட்டால் உள்ளே. தட்டச்சு இல்லை, மனப்பாடம் இல்லை. நன்றாகத்தான் இருந்தது, வட்ஸ்அப்பில் முதல் இணைப்பை ஒட்டும் வரை. ஒரு தடவை மட்டுமே செல்லும், பத்து நிமிடத்தில் காலாவதியாகும் என்று கவனமாக எழுதியிருந்தேன். பொருளாளர் அக்காவுக்கு அனுப்பினேன். "ஏற்கெனவே பயன்படுத்தப்பட்டது" என்று வந்ததாகச் சொன்னார். இன்னொன்று அனுப்பினேன், அதுவும் செத்திருந்தது. மூன்றாவது தடவை சர்வரின் பதிவேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு ஒட்டினேன். அனுப்பும் பொத்தானை நான் தொடும் முன்பே இணைப்பு பயன்படுத்தப்பட்டுவிட்டது. பயன்படுத்தியது என் போன். இணைப்பை ஒட்டியதும் கீழே சின்னப் படமும் தலைப்பும் காட்டுவதற்காக, அனுப்புகிறவரின் வட்ஸ்அப் அந்தப் பக்கத்தை ஒரு தடவை திறந்து பார்க்கிறது. அந்த ஒரு தடவைதான் நான் அனுமதித்த ஒரே தடவை. மின்னஞ்சலில் அனுப்பினாலும் இதே தொல்லை வரலாம். வைரஸ் தேடும் மென்பொருள்கள் சில, உரியவருக்கு முன்னால் இணைப்பைத் திறந்து பார்க்கின்றன.

தீர்வு சிறியது. இணைப்பைத் திறந்தால் "உள்ளே செல்க" என்ற பொத்தான் மட்டும் உள்ள பக்கம் வரும். பொத்தானை அழுத்தும்போதுதான் டோக்கன், அதாவது இணைப்பின் வாலில் ஒட்டிய எண், செலவாகும். பக்கத்தைப் பார்க்கக் கேட்கும் கோரிக்கை சர்வரில் எதையும் மாற்றக் கூடாது என்பது வலையின் பழைய ஒழுங்கு. அதை மீறியதற்குக் கிடைத்த தண்டனைதான் அந்த ஒரு பின்னேரம்.

ஆனால் பெரிய குறை வேறு. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தென்னிந்தியாவிலிருந்து தோட்டங்களுக்கு ஆட்களைக் கொண்டுவந்தபோது அவர்கள் கழுத்தில் ஒரு தகர வில்லையைக் கட்டிவிட்டார்கள். அதில் பெயர் இல்லை. எந்தத் தோட்டத்துக்குப் போகிறவர் என்று காட்டும் குறிகளும் எண்களும்தான். வில்லை இருந்தால் வண்டியில் ஏற்றுவார்கள், செலவு தோட்டத்தின் கணக்கில் ஏறும். வழியில் இருப்பவர்கள் பார்ப்பது வில்லையை, ஆளை அல்ல. இரகசிய இணைப்பும் அந்தச் சாதிதான். யார் கையில் இருக்கிறதோ அவருக்கே செல்லும். எங்கள் பிரதிநிதி ஒருவர் தனக்கு வந்த இணைப்பை, "இது என்னவென்று யாராவது பார்த்துச் சொல்லுங்கள்" என்ற குறிப்போடு தோட்டத்து இளைஞர் குழுமத்தில் போட்டுவிட்டார். முதலில் தொட்ட பையன் சங்கக் கணக்குக்குள் நின்றான். நல்ல பையன், உடனே கூப்பிட்டுச் சொன்னான். எல்லாச் சமயமும் நல்ல பையன் தொடுவான் என்று வடிவமைக்க முடியாது.

குறுஞ்செய்தியில் வரும் ஓடிபி என்ற ஒருமுறை எண் பற்றி அதிகம் சொல்ல விரும்பவில்லை. 2020இல் பள்ளிக்கூடங்கள் மூடியபோது எங்கள் பிள்ளைகள் சிக்னல் தேடி மலையுச்சிக்கும் பாறைக்கும் ஏறிய கதை ஊரறியும். கீழ்ப்பிரிவுப் பிரதிநிதிக்கு இன்றும் கோயில் மேட்டுக்கு ஏறினால்தான் செய்தி வந்து விழும். இறங்கி வருவதற்குள் எண் காலாவதி. சிம் அட்டையை ஏமாற்றி மாற்றி எடுப்பது, தொலைபேசியில் கூப்பிட்டு எண்ணைக் கேட்டு வாங்குவது என்ற திருட்டுகளும் உண்டு. அமெரிக்காவின் தர நிர்ணய அமைப்பான நிஸ்ட் நிறுவனம் 2017இல் வெளியிட்ட வழிகாட்டியில் தொலைபேசி வலையமைப்பு வழியாக வரும் எண்ணைக் கட்டுப்பாட்டுடன் மட்டுமே பயன்படுத்த வேண்டிய வகையில் சேர்த்தது. எங்களுக்கு அந்த வழிகாட்டி வரை போகத் தேவையிருக்கவில்லை, கோயில் மேடே போதுமாக இருந்தது.

கூகுள் கணக்கை வைத்து உள்ளே விடுவது அடுத்த யோசனை. ஓபன்ஐடி கனெக்ட் என்ற நெறி 2014இல் இறுதியானது. ஆள் யார் என்று கூகுள் சான்று சொல்லும், நமது செயலி அதை ஏற்றுக்கொள்ளும். தெரிந்தவர் ஒருவர் ஜாமீன் நிற்பது போல. முறை நல்ல முறைதான். ஆனால் பிரதிநிதிகளின் போன்களை ஒவ்வொன்றாக வாங்கிப் பார்த்தபோது தெரிந்தது, பலருடைய கூகுள் கணக்கு போன் வாங்கிய அன்று கடைத் தம்பி உருவாக்கிக் கொடுத்தது. கடவுச்சொல் கடைத் தம்பிக்குத் தெரியும், அல்லது அவரும் மறந்திருப்பார். ஒருவருடைய போனில் இருந்தது அவர் பெயரிலான கணக்குக்கூட இல்லை. ஜாமீன் நிற்பவர் எவ்வளவு பெரியவர் என்றாலும், அவருக்கு நம் ஆளைத் தெரியாவிட்டால் சான்றுக்குப் பொருளில்லை.

எஞ்சியது போனையே நம்புவது. அதற்கு இரண்டு படிகள் உண்டு. பழையது ஒன்று, புதியது ஒன்று.

பழையது குக்கி. வலையின் சர்வருக்கு இயல்பில் ஞாபகம் கிடையாது, ஒவ்வொரு கோரிக்கையும் அதற்கு முதல் கோரிக்கை. 1994இல் நெட்ஸ்கேப் என்ற உலாவி நிறுவனத்தில் வேலை செய்த லூ மொன்டுல்லி, உலாவியிடம் ஒரு சிறு துணுக்கைக் கொடுத்து வைத்து, அடுத்த தடவை அதைத் திருப்பிக் கொண்டுவரச் சொல்லும் ஏற்பாட்டைச் செய்தார். நம்பிக்கையான பயனாளரின் போனில் ஒரு தடவை நீண்ட ஆயுளுள்ள குக்கியை வைத்துவிட்டால், பிறகு அவர் எதையும் தட்ட வேண்டியதில்லை. இதில் பிசகாமல் செய்ய வேண்டியவை சில. துணுக்கு ஊகிக்க முடியாத அளவு நீளமாக இருக்க வேண்டும்; நான் 32 பைட் வைத்தேன். இணையப் பக்கத்துக்குள் ஓடும் நிரல் அதைப் படிக்க முடியாதபடியும், மறைகுறியாக்கிய இணைப்பில் மட்டும் போகும்படியும், வேறு தளங்களிலிருந்து தூண்டப்படும் கோரிக்கைகளோடு சேர்ந்து போகாதபடியும் குறி வைக்க வேண்டும். தரவுத்தளத்தில் துணுக்கை அப்படியே வைக்கக் கூடாது. அதன் ஹாஷ் மதிப்பை (அதிலிருந்து கணக்கிட்டது, ஆனால் அதைத் திரும்ப எடுக்க முடியாதது) மட்டும் வைத்தால், தரவுத்தளம் திருட்டுப்போனாலும் திருடனுக்கு நுழைவு கிடைக்காது. எல்லாவற்றையும் விட முக்கியம், போனுக்கொரு துணுக்கு. பதினான்கு பேருக்கும் ஒன்று என்று வைத்தால் அது மறுபடியும் நாட்காட்டித் தாள்தான்.

ஏன் போனுக்கொன்று என்பதற்கு எங்கள் ஊர் நடப்பே விடை. இங்கே போன் கைமாறும். பிரதிநிதி ஒருவர் வீட்டு வேலைக்கு மத்திய கிழக்குக்குப் போனார். போன் தம்பியிடம் வந்தது. இன்னொருவர் பெருநாள் செலவுக்கு ஹட்டனில் விற்றுவிட்டார். விற்ற போனில் குக்கி அப்படியே இருந்தது. ஆகவே செயலியில் ஒரு பக்கம் வைத்தேன்: யார் யாருடைய போன் நம்பிக்கைப் பட்டியலில் இருக்கிறது, கடைசியாக எப்போது வந்தது, எதிரே "நீக்கு" என்ற பொத்தான். பெயர்களை அவர்கள் சொன்னபடியே போட்டிருக்கிறேன்: "மூணாம் நம்பர் லயத்து அண்ணன் போன்", "அக்காவின் உடைந்த கண்ணாடி போன்". ஒரு போனை நீக்கினால் மற்றப் பதின்மூன்று பேருக்கும் எதுவும் தெரியாது. பழைய ஒற்றைக் கடவுச்சொல்லில் இது முடியவே முடியாது. ஒருவரை வெளியே விட எல்லோருக்கும் சொல்லை மாற்ற வேண்டும், மாற்றியதை மறுபடி எங்காவது எழுத வேண்டும். இந்தப் பக்கத்தை எழுத ஒரு நாள்தான் ஆனது. முழுச் செயலியிலும் உருப்படியான வேலை அதுதான் என்று இப்போது நினைக்கிறேன்.

குக்கிக்கு ஒரு சோம்பேறித்தனமான எதிரி உண்டு: போனில் இடம் போதவில்லை என்று யாராவது உலாவியின் தரவைத் துடைத்துவிட்டால் அதுவும் போய்விடும். பேஸ்புக் செயலிக்குள்ளேயே திறக்கும் உலாவிக்குக் குக்கிப் பெட்டி தனி. அங்கே திறந்தவருக்கு, நேற்று விட்ட செயலி இன்று விடவில்லையே என்று குழப்பம். அதோடு, குக்கியும் சாரத்தில் தகர வில்லைதான். நகல் எடுத்தால் நகலும் செல்லும்.

புதிய படியான பாஸ்கீ அந்தக் குறையைத் தீர்க்கிறது. இதன் அடிப்படைக் கணிதம் 1970களின் நடுப்பகுதியைச் சேர்ந்தது. 1976இல் டிஃபி, ஹெல்மன் இருவரும் பொதுச் சாவி, தனிச் சாவி என்ற எண்ணத்தை வெளியிட்டார்கள். அதை உலாவிக்குக் கொண்டுவரும் வெப்ஆத்தன் என்ற தரத்தை உலகளாவிய வலைக் கூட்டமைப்பு 2019 மார்ச்சில் ஏற்றது. 2022 மே மாதத்தில் ஆப்பிள், கூகுள், மைக்ரோசொஃப்ட் மூன்றும் சேர்ந்து இதை விரிவாக ஆதரிப்பதாக அறிவித்த பிறகுதான் சாதாரணப் போன்களுக்கு வந்து சேர்ந்தது.

நடப்பது இதுதான். பதிவு செய்யும் அன்று போன் ஒரு சோடிச் சாவியை உருவாக்குகிறது. பொதுச் சாவி சர்வருக்குப் போகும். தனிச் சாவியைச் சர்வர் ஒருபோதும் காண்பதில்லை. பிறகு ஒவ்வொரு தடவையும் சர்வர் புதிதாக ஓர் எழுந்தமான எண்ணை அனுப்பி "இதில் ஒப்பமிடு" என்கிறது. போன் உரிமையாளரிடம் விரலையோ திரைப்பூட்டையோ கேட்டு, தனிச் சாவியால் ஒப்பமிட்டு அனுப்புகிறது. சர்வர் பொதுச் சாவியால் ஒப்பத்தைச் சரிபார்க்கிறது. சங்க முத்திரையை நினைத்துக்கொள்ளுங்கள்: முத்திரை பெட்டிக்குள் இருக்கும், குத்திய அடையாளத்தை யாரும் பார்க்கலாம். ஆனால் மை முத்திரையைப் பார்த்துப் போலி செய்துவிடலாம். இந்த ஒப்பத்தை அப்படிச் செய்ய முடியாது. நேற்றைய ஒப்பத்தை எடுத்து இன்று நீட்டவும் முடியாது, இன்று கேட்கப்படும் எண் வேறு. நம் தளத்தைப் போலவே தோற்றம் கொண்ட பொய்த் தளம் வந்து கேட்டால், முகவரி வேறு என்பதால் சாவி வெளியே வராது. மனிதர் ஏமாறலாம், அந்த இடத்தில் போன் ஏமாறாது. சர்வரில் இருப்பது பொதுச் சாவிகள் மட்டும் என்பதால், அதைக் கொள்ளையடிப்பவருக்கும் உள்நுழையக் கிடைப்பது ஒன்றுமில்லை.

"என் கைரேகையை எங்கே கொண்டுபோகிறீர்கள்?" என்று ஒரு பிரதிநிதி சந்தேகத்தோடு கேட்டார். நியாயமான கேள்வி. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் உயிரியல் அடையாளத் தரவைத் தனி வகையாக எடுத்துப் பேசுகிறது. பாஸ்கீயில் ரேகை போனை விட்டு வெளியே போவதில்லை. போன் தன் பூட்டைத் திறக்க மட்டும் அதைப் பார்க்கிறது. எங்களுக்கு வருவது ஒப்பம் மட்டுமே.

ரேகை இன்னொரு விதத்தில் சிக்கல் தந்தது. பொருளாளர் அக்கா முப்பது வருடம் கொழுந்து பறித்தவர். அவரது பெருவிரலையும் ஆட்காட்டி விரலையும் கிட்டப் பார்த்தேன்: தோல் தடித்து, குறுக்கே கத்தியால் கீறியது போல் கோடுகள், அந்தக் கோடுகளுக்குள் கழுவினாலும் போகாத கறுப்புக் கறை. ரேகை வரிகள் பாதிக்கு மேல் தேய்ந்திருந்தன. போன் ஏழெட்டு முறை மறுத்தது. மோதிர விரலை வைக்கச் சொன்னேன், அது சில தடவை எடுத்தது, சில தடவை இல்லை. பாஸ்கீக்கு ரேகை கட்டாயமில்லை; திரைப்பூட்டின் எண்ணோ கோட்டு வடிவமோ போதும். அக்கா கோட்டு வடிவத்துக்கு மாறினார். அந்த வடிவம் பேரப்பிள்ளைகள் நான்கு பேருக்கும் தெரியும் என்பது வேறு விஷயம். பேரன் பாடம் படிப்பதும் அதே போனில்தான்.

இதனால்தான் போனை நம்பினாலும் எல்லாவற்றுக்கும் நம்புவதில்லை என்று வைத்தோம். சந்தா யார் கட்டினார், யார் கட்டவில்லை என்று பார்க்கக் குக்கி போதும், எதுவும் கேட்காது. சந்தா பதிய பாஸ்கீ ஒப்பம் வேண்டும். உதவித்தொகையை விடுவிக்க, ஒருவர் பதிந்து வேறொரு பிரிவைச் சேர்ந்தவர் தன் போனிலிருந்து ஒப்புக்கொள்ள வேண்டும். பேரன் விளையாட்டாகத் தொட்டாலும் பணம் அசையாது.

இனி எல்லோரும் சறுக்கும் இடம்: போன் தொலைந்தால்? பாஸ்கீயைப் பெரிய நிறுவனங்களின் கணக்கோடு ஒத்திசைத்து வைக்கலாம், புதிய போனில் திரும்ப வரும். ஆனால் அதற்குக் கணக்கு கையில் இருக்க வேண்டும். கடைத் தம்பி உருவாக்கிய கணக்கு என்றால் அந்தக் கதவும் மூடியது. கடவுச்சொல்லை மீட்புக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்று சிலர் ஆலோசனை சொன்னார்கள். முன்கதவுக்கு இரும்புப் பூட்டுப் போட்டுவிட்டுப் பின்கதவைக் கயிற்றால் கட்டுவது அது. திருடன் எந்தக் கதவைத் தேடுவான் என்று சொல்லத் தேவையில்லை.

நாங்கள் பிரட்டுக்களத்துக்கே திரும்பிப் போனோம். போன் தொலைந்தவர் முதலில் யாரையாவது கூப்பிட்டுச் சொல்ல வேண்டும்; பழைய போனை அந்த நிமிடமே நீக்கிவிடுவோம். புதிய போனைச் சேர்க்க மாதக் கூட்டத்துக்கு நேரில் வர வேண்டும். அவரைத் தெரிந்த இரண்டு பிரதிநிதிகள், அவருடைய பிரிவைச் சேர்ந்த ஒருவராவது, இவர்தான் என்று தங்கள் போன்களிலிருந்து ஒப்பமிட வேண்டும். அதன் பிறகு அறைக் கணினியின் திரையில் ஒரு கியூஆர் கட்டம் ஐந்து நிமிடம் தெரியும். அதைப் புதிய போனால் பிடித்துப் பாஸ்கீயைப் பதிந்துகொள்ளலாம். அவசரம் என்றால் கூட்டம் வரை காத்திருக்க முடியாதே என்று தலைவர் கேட்டார். காத்திருக்கத்தான் வேண்டும். பதின்மூன்று பேர் இருக்கும்போது ஒருவருக்காகக் கதவின் கட்டுப்பாட்டைத் தளர்த்த நான் சம்மதிக்கவில்லை. மரணம் நடந்தால் வேறு யாராவது பதிவார்கள். சங்கம் என்பது அதற்குத்தானே.

பதினான்கு பேரில் பன்னிரண்டு பேர் இப்போது பாஸ்கீயில் இருக்கிறார்கள். ஒருவருடைய போன் பழைய ஆண்ட்ராய்டு, பாஸ்கீயை ஏற்கவில்லை. அவருக்குக் குக்கி மட்டும், பார்க்கலாம், பதிய முடியாது. பதினான்காமவர் பொத்தான் போன் வைத்திருக்கும் பெரியவர், எழுபதைக் கடந்தவர். அதை மாற்றும் எண்ணம் அவருக்குத் துளியும் இல்லை. அவர் சந்தா வாங்கிக் குறிப்பேட்டில் எழுதி, ஞாயிற்றுக்கிழமை பொருளாளர் அக்காவிடம் வாசித்துக் காட்டுகிறார். அக்கா தன் போனில் பதிகிறார். இதற்காகப் பதிவுப் படிவத்தில் இரண்டு கட்டங்கள் சேர்த்தேன்: ஒன்று "சொன்னவர்", மற்றது "பதிந்தவர்".